ஏறி வந்த லொறிக்கு அடித்த லைட்

அனுப்புநர்:
ஆண்டியப்பன் சுதாகரன்,
கொழுந்து லொறிச் சாரதி,
சாரதி விடுதி, கீழ்ப்பிரிவு,
ஆவாரமலைத் தோட்டம்,
டிக்கோயா.

பெறுநர்:
சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் அவர்கள்,
பொலிஸ் அத்தியட்சகர் காரியாலயம்,
கொஹொம்பவெல,
வடமேல் மாகாணம்.

பொருள்: கொஹொம்பவெல ஒற்றைப் பாலத்தில் 02.08.2025 அன்று என்மீது எழுதப்பட்ட போக்குவரத்துக் குற்றப்பத்திரம், கைப்பற்றப்பட்ட சாரதி அனுமதிப்பத்திரம், காலாவதியான தற்காலிக அனுமதி ஆகியன தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. என்மீதான வழக்கு எதிர்வரும் நவம்பர் மாதம் 27ஆம் திகதிக்குத் தவணையிடப்பட்டுள்ளது. அதுவரை எனது சாரதி அனுமதிப்பத்திரம் நீதிமன்றப் பொறுப்பிலேயே இருக்கும். இவ்விரண்டையும் இம்மாதம் 13ஆம் திகதி திங்கட்கிழமை காலை, கொஹொம்பவெல நீதவான் நீதிமன்றப் பதிவாளர் காரியாலயத்தின் எழுதுவினைஞர் ஒருவர் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். அவரது பெயரைக் கேட்டேன். அது தேவையில்லை என்றார்.

2. நான் மேற்படி தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியை ஓட்டுபவன். எனது தற்காலிக அனுமதி இம்மாதம் 9ஆம் திகதியுடன் முடிவடைந்துவிட்டது. அன்றிலிருந்து நான் எந்த வாகனத்தையும் ஓட்டவில்லை. செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரத்தை ஒக்டோபர் 31ஆம் திகதிக்கு முன் காட்டாவிட்டால் அந்த வேலைக்கு வேறொருவர் நிரந்தரமாக நியமிக்கப்படுவார் என்று தோட்ட முகாமையாளர் எழுத்தில் அறிவித்துள்ளார். அக்கடிதத்தின் பிரதியை இணைத்துள்ளேன். நானும் மனைவி ஜெயந்தினியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும் விடுதி, லொறிச் சாரதிக்கென்று தோட்டம் ஒதுக்கியது. வேலை போனால் வீடும் போகும் என்பதை அக்கடிதம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

3. நடந்ததை நடந்தபடி கீழே எழுதுகிறேன். எனக்குப் பாதகமானவற்றையும் விடவில்லை.

4. எங்கள் தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சில ஆண்டுதோறும் ஓகஸ்ட் திருவிழாவுக்கு வடமேல் கரையோரத்தில் உள்ள தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்குப் போவது வழக்கம். வேன், அயல் லயத்து ஜெரோமிக்குச் சொந்தமானது. வழக்கமாக அவரே ஓட்டுவார். இம்முறை படியில் வழுக்கி விழுந்து அவரது மணிக்கட்டு பிசகியிருந்ததால் என்னை ஓட்டச் சொன்னார். நான் சைவன். ஆனாலும் பக்கத்து வீட்டாரின் வேண்டுதலுக்கு வண்டி ஓட்ட மதம் பார்ப்பதில்லை. தோட்டத்தில் விடுமுறை பெற்றுக்கொண்டே புறப்பட்டேன்.

5. பிற்பகலில் கொஹொம்பவெலவை நெருங்கினோம். அங்கே ஆற்றின் மேல் உள்ள பாலம் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகக் கூடியது. எங்கள் பக்கத்திலிருந்து பாதை பாலத்தை நோக்கி இறங்குகிறது. மறுகரையிலிருந்து வருபவர்கள் பாலத்தைக் கடந்ததும் அந்தச் சரிவில் ஏறி வர வேண்டும். சரிவின் தொடக்கத்தில், ஒரு மாமரத்தின் கீழ், மோட்டார் சைக்கிளுடன் பொலிஸார் இருவர் நின்றிருந்தனர். நான் அவர்களைக் கண்டேன். அவர்களைக் கடந்து சற்றுத் தூரம் இறங்கிய பின், மறுகரையிலிருந்து தார்ப்பாய் மூடிய லொறி ஒன்று பாலத்துக்குள் நுழைவதைக் கண்டேன். அது பாரம் ஏற்றியிருந்தது என்பது அதன் சில்லுகளைப் பார்த்தபோதே தெரிந்தது.

6. நான் வேனை இடப்புற ஓரத்தில் நிறுத்தி, முன்விளக்கை இரண்டு தரம் அடித்து அணைத்தேன்.

7. ஐயா, இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பழக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டப் பாதைகளில் இரண்டு வண்டிகள் விலகிப் போக இடம் இருப்பதில்லை. ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. பாரத்தோடு ஏறி வரும் வண்டியை இடையில் நிறுத்தினால் மறுபடி கிளப்புவது சிரமம். மழை நாளில் அது பின்னுக்கு உருளவும் கூடும். ஆகவே இறங்கும் வண்டிதான் நிற்க வேண்டும். நின்றுவிட்டேன் என்று காட்ட லைட்டை இரண்டு தரம் அடிக்க வேண்டும். ‘நான் நிக்கிறேன், நீங்க ஏறி வாங்க’ என்பது அதன் அர்த்தம். மூடுபனியில் கையைக் காட்டினால் தெரியாது. லைட் மட்டுமே தெரியும். ஏறி வந்தவர் கடந்து போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். பஸ்காரர், எண்ணெய்ப் பவுசர்காரர், தோட்டத்துத் துரையின் ஜீப் என எல்லோருக்கும் இது ஒன்றே.

8. முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று எதிரே வருபவருக்கு எச்சரிக்கவும் சாரதிகள் அதே லைட்டை அடிப்பதுண்டு. அது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்திலும் அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அன்று என் மனதில் அது இருக்கவில்லை. இறக்கம் இருந்தது, பாரத்தோடு ஏறப்போகும் லொறி இருந்தது. கை தானாகப் போனது.

9. லொறி ஏறி வரவில்லை. பாலத்தின் நடுவே சற்று நேரம் நின்றது. நான் மீண்டும் லைட் அடித்தேன். உடனே அது பின்னோக்கிச் சென்று, மறுகரையில் திரும்பி, வந்த வழியே வேகமாகப் போய் மறைந்துவிட்டது. அப்போதும் எனக்கு எதுவும் விளங்கவில்லை. பின்னாலிருந்த அந்தோனியம்மா என்ற முதிய பெண், “பாவம், பாலம் பயமா இருக்கு போல, அதான் திரும்பிட்டாரு” என்று சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மோட்டார் சைக்கிள் எங்களை முந்தி வந்து குறுக்கே நின்றபோதுதான் விடயம் வேறு என்று தெரிந்தது.

10. அந்த லொறி அனுமதியின்றி ஆற்று மணல் ஏற்றுவதாகத் தகவல் கிடைத்து, அதைப் பிடிப்பதற்காகவே தாங்கள் காலையிலிருந்து காத்திருந்ததாக சார்ஜன்ட் அவர்கள் சொன்னார். அவர் கோபத்தில் இருந்தார். அக்கோபத்தை நான் குறை சொல்லவில்லை. காலையிலிருந்து வெயிலில் நின்ற ஒருவரின் முன்னால், எங்கிருந்தோ வந்த ஒரு வேன்காரன் லைட் அடித்து, காத்திருந்த லொறியைத் திருப்பி அனுப்பினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மணல் முதலாளி எனக்கு என்ன தந்தார் என்று கேட்டார். நான் டிக்கோயாவிலிருந்து வருகிறேன், இங்கே எனக்கு யாரையும் தெரியாது என்று சிங்களத்தில் சொன்னேன். டிக்கோயாவிலிருந்தே ஆள் பிடித்து வைத்திருக்கிறானா என்று மற்றவரைப் பார்த்துக் கேட்டார்.

11. அடுத்து அவர் கேட்டது ஒரே கேள்வி. மாமரத்தின் கீழ் எங்களைக் கண்டாயா, இல்லையா. பின்னாலிருந்து அந்தோனியம்மா மெதுவாக, “தம்பி, கோயிலுக்குப் போற வழியில பொய் வேணாம்யா” என்றார். அவர் சொல்லியிருக்காவிட்டாலும் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன் என்றே நம்புகிறேன். கண்டேன் ஐயா என்றேன். கண்ட பின்பு லைட் அடித்தாயா என்றார். ஆம் என்றேன். ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டேன் என்று தொடங்கினேன். போதும் என்றார்.

12. தங்கள் கவனத்துக்கு முக்கியமாகக் கொண்டுவர விரும்புவது அடுத்து நடந்ததை. சார்ஜன்ட் அவர்களுடன் இருந்த தலை நரைத்த கொன்ஸ்டபிள், “சேர், டிக்கோயா, அட்டன் பக்கம் இப்படித்தான் செய்வாங்க, வரச் சொல்றதுக்கு அடிப்பாங்க” என்ற பொருள்பட சிங்களத்தில் சொன்னார். தான் அட்டனுக்கு அருகே கினிகத்தேனையில் கடமையில் இருந்தபோது பார்த்ததாகவும் சொன்னார். இதை நான் மட்டுமல்ல, வேனின் முன் ஆசனத்தில் இருந்த ஆசிரியை கேத்ரினும் கேட்டார். நீ யாருடைய பக்கம் என்று சார்ஜன்ட் அவர்கள் கேட்டதும் கொன்ஸ்டபிள் மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்துவிட்டார். அவரது பெயரோ இலக்கமோ எனக்குத் தெரியாது. பார்க்கத் தோன்றவில்லை.

13. பொலிஸ் நிலையத்தில் எனது வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. நான் சிங்களம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. ஆசிரியை கேத்ரின் எனக்கு வாசித்துக் காட்டினார். பொலிஸாரைக் கண்டேன் என்றும், கண்ட பின் எதிரே வந்த லொறிக்கு விளக்குச் சைகை செய்தேன் என்றும் அதில் இருந்தது. இரண்டும் உண்மை. ஏன் செய்தேன் என்பது அதில் இல்லை என்று ஆசிரியை சுட்டிக்காட்டினார். அதை நீதிமன்றத்தில் சொல்லலாம் என்று பதில் வந்தது. கையொப்பமிட்டேன். தபாலகத்தில் தண்டப்பணம் கட்டி முடிக்கும் குற்றமாக இல்லாமல், கடமைக்கு இடையூறு செய்ததாக நீதிமன்றத்துக்குப் போகும் குற்றமாகவே பத்திரம் எழுதப்பட்டது. எனது அனுமதிப்பத்திரம் வாங்கிக்கொள்ளப்பட்டு, ஓகஸ்ட் 28 வரை செல்லுபடியாகும் தற்காலிக அனுமதி தரப்பட்டது. அன்றிரவு தலவிலவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கொடியிறக்கம் ஒன்றுதான் மிச்சம் என்று சிலர் கேலி செய்தார்கள். திருவிழா முடியவில்லை. ஆனால் வேனில் வந்தவர்கள் யாரும் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

14. ஓகஸ்ட் 28ஆம் திகதி நீதிமன்றத்துக்குப் போனேன். டிக்கோயாவிலிருந்து காலையில் புறப்பட்டு அங்கே நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. முதல் நாளே புறப்பட்டு, குருநாகல் பஸ் நிலையத்தில் விடியும்வரை இருந்து போனேன். வழக்கின் ஆவணக் கோவை வராததால் வழக்கு அழைக்கப்படவில்லை. தற்காலிக அனுமதியை ஒக்டோபர் 9 வரை நீடித்து நீதிமன்றத்தில் முத்திரை இட்டார்கள். ஒக்டோபர் 9ஆம் திகதி மீண்டும் போனேன். சார்ஜன்ட் அவர்கள் வேறு மாகாணத்துக்கு இடமாற்றம் பெற்றுவிட்டதால் வழக்கு மீண்டும் எடுக்கப்படவில்லை. அடுத்த தவணை பின்னர் அறிவிக்கப்படும் என்றார்கள். இம்முறை அனுமதியை நீடிக்க முத்திரை கேட்டபோது, பத்திரம் எழுதிய பொலிஸ் நிலையம்தான் நீடிக்க வேண்டும் என்று நீதிமன்றக் காரியாலயத்தில் சொன்னார்கள். பொலிஸ் நிலையத்துக்கு நடந்தேன். விடயம் நீதிமன்றத்தில் இருப்பதால் நீதிமன்றம்தான் நீடிக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். திரும்பி நீதிமன்றத்துக்குப் போனேன். காரியாலயம் மூடியிருந்தது. காவலாளி மட்டும் இருந்தார். அவர் தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

15. அந்தக் கொன்ஸ்டபிளைப் பற்றியும் பொலிஸ் நிலையத்தில் விசாரித்தேன். தலை நரைத்தவர் என்றால் இங்கே பாதிப் பேர் அப்படித்தான் என்று மேசையில் இருந்தவர் சொன்னார். அவர் என்னைக் கேலி செய்யவில்லை. உண்மையில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். அவர்களில் அன்று வந்தவர் இருக்கவில்லை.

16. இப்போது எனக்குக் கிடைக்கும் ஆலோசனை ஒன்றேதான். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டால் அனுமதிப்பத்திரம் அன்றே கைக்கு வரும் என்று நீதிமன்றத்தில் கண்ட சட்டத்தரணி ஒருவர் சொன்னார். வேனின் சொந்தக்காரர் ஜெரோமியும் அதையே சொல்கிறார். “பொலிஸக் காணலன்னு சொன்னா கண்ணு தெரியலன்னு லைசன் போயிரும்னு பயந்தியா? கண்டேன்னு சொன்னதுக்கே போயிருச்சேப்பா” என்று அவர் சிரிப்பார். பிறகு தன் கை சுகமாக இருந்திருந்தால் இது தன் தலையில் விழுந்திருக்கும் என்று சொல்லி எழுந்து போய்விடுவார். ஆனால் ஒப்புக்கொள்வதிலும் எனக்கு வழியில்லை. பொலிஸாரின் கடமைக்கு இடையூறு செய்தவர் என்று தீர்ப்பு இருந்தால், அடுத்த முறை தோட்டம் என்னைப் பற்றிப் பொலிஸ் அறிக்கை கேட்கும்போது அது தெரியவரும் என்றும், அப்படிப்பட்டவரைச் சாரதியாக வைத்திருக்கத் தோட்ட நிர்வாகம் சம்மதிக்காது என்றும் தோட்டக் காரியாலயத்தில் சொல்லிவிட்டார்கள். மறுத்தால் தவணை நீளும். ஒப்புக்கொண்டால் வேலை போகும். நீளும் தவணையிலும் வேலை போகும்.

17. தோட்ட முகாமையாளரையும் நான் குறை சொல்வதற்கில்லை. “சுதா, உன்மேல எனக்குச் சந்தேகம் இல்ல. லொறி உருண்டா இன்சூரன்ஸ்காரன் என்கிட்டத்தான் லைசன் கேப்பான்” என்றார். லொறியில் கொழுந்து மட்டும் போவதில்லை. சுகமில்லாதவர்களை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் பல நாட்களில் அதே லொறிதான். அனுமதியில்லாதவனிடம் அதைக் கொடுக்க முடியாது. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் கொடுக்க மாட்டேன். தற்போது வேறொரு தோட்டத்திலிருந்து பிரதாப் என்பவர் வந்து ஓட்டுகிறார். கீழ்ப்பிரிவு வளைவில் கியர் மாற்றும் இடத்தை அவர் என்னிடம்தான் கேட்டார். சொல்லிக் கொடுத்தேன்.

18. இன்னொன்றும் எழுத வேண்டும். இது புகார் அல்ல. தற்காலிக அனுமதி இருந்த செப்டெம்பர் மாதத்தில் ஒருநாள், கொழுந்தை இறக்கிவிட்டு மேற்பிரிவிலிருந்து வெறும் லொறியோடு இறங்கிக்கொண்டிருந்தேன். எதிரே ஓட்டோ சாரதி நிரஞ்சன் சிமெந்து மூட்டைகளோடு ஏறி வந்தார். நான் நிறுத்தினேன். கை லைட் சுவிட்சுக்குப் போனது. எடுத்துவிட்டேன். அவரும் நின்றார். பனியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவர் இறங்கி, சில்லுக்குக் கல் வைத்துவிட்டு நடந்து வந்து, “என்னாண்ணே, நம்ம மேல ஏதும் கோவமா?” என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இறங்கும் வண்டி லைட் அடிக்காமல் நின்றால் அதற்கு அப்படித்தான் அர்த்தம். சுவிட்ச் பழுது என்றேன். பொலிஸாரிடம் பொய் சொல்லாத நான், அவரிடம் அன்று பொய் சொன்னேன்.

19. ஆகவே ஐயா, தங்களிடம் தாழ்மையுடன் கேட்பது இவற்றைத்தான். ஓகஸ்ட் 2ஆம் திகதி பிற்பகல் பாலத்தருகில் சார்ஜன்ட் அவர்களுடன் கடமையிலிருந்த கொன்ஸ்டபிள் யார் என்பது தங்கள் காரியாலயத்தின் கடமைப் பதிவில் இருக்கும். அவர் இப்போது எங்கே இருந்தாலும் அவரிடம் ஒரு வாக்குமூலம் பெற்று வழக்குக் கோவையில் சேர்க்கும்படி வேண்டுகிறேன். அவர் எனக்குச் சாதகமாகப் பேச வேண்டும் என்று கேட்கவில்லை. அன்று சொன்னதை அவர் திரும்பச் சொன்னால் போதும். தற்காலிக அனுமதியை நீடிக்க வேண்டியது பொலிஸ் நிலையமா நீதிமன்றமா என்பதை ஒருமுறை எழுத்தில் தெரிவித்தருளவும். சட்டம் இடங்கொடுக்குமானால், அதை அட்டன் பொலிஸ் நிலையத்தில் நீடித்துக்கொள்ள ஒழுங்கு செய்து தந்தால், மீண்டும் லொறியில் ஏற முடியும். பொது வீதியில் தேவையின்றி விளக்குச் சைகை செய்தது ஒரு தவறு என்றால், அதற்கான தண்டத்தை நான் மறுப்பின்றிக் கட்டுவேன். கடமைக்கு இடையூறு என்ற குற்றச்சாட்டை மட்டும் தாங்கள் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

20. அந்த மணல் லொறியைப் பற்றி ஏதும் தெரிந்தால் சொல்லும்படி பொலிஸ் நிலையத்தில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவே: பச்சைத் தார்ப்பாய், முன் கண்ணாடியின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டி. இலக்கத்தைப் பார்க்கவில்லை. என்னுடைய லைட்டுக்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார் என்பதை அந்தச் சாரதி ஒருவரால் மட்டுமே நிச்சயமாகச் சொல்ல முடியும். ஆனால் அவர் வந்து சொன்னால் அவர்தான் முதலில் அகப்படுவார். ஆகவே அவர் வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

21. இம்மனுவை நான் தமிழில் எழுதினேன். தங்கள் காரியாலயத்தில் சிரமம் இராதபடி ஆசிரியை கேத்ரின் செய்த சிங்கள மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டுள்ளது. குற்றப்பத்திரத்தின் பிரதி, காலாவதியான தற்காலிக அனுமதியின் பிரதி, தோட்ட முகாமையாளரின் கடிதம் ஆகியனவும் உள்ளன. ஆசிரியை கேத்ரினும் அந்தோனியம்மாவும் எப்போது அழைத்தாலும் சாட்சி சொல்ல வருவதாகக் கையொப்பமிட்டுத் தந்துள்ளனர். அந்தோனியம்மாவுக்கு இனி நீண்ட தூரம் பஸ்ஸில் இருக்க இயலாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

22. இதை எழுதும் நேரத்தில் முடிவாகாமல் இருப்பவை மூன்று. தோட்ட நிர்வாகத்தின் முடிவு இம்மாதம் 31ஆம் திகதி மாலை தெரியும். வழக்கு நவம்பர் 27ஆம் திகதி காலை அழைக்கப்படும். தங்கள் பதில் எப்போது வரும் என்பது எனக்குத் தெரியாது. அது 31ஆம் திகதிக்கு முன் வந்தால் அதைத் தோட்ட முகாமையாளரிடம் காட்டுவேன். பின்னர் வந்தால் நீதிமன்றத்துக்கு எடுத்துப் போவேன். வராவிட்டால் கையில் எதுவுமின்றிப் போவேன். அங்கே என்னிடம் கேட்கப்படும்போது, பொலிஸாரைக் கண்டேன் என்று சொல்வேன். லைட் அடித்தேன் என்றும் சொல்வேன். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தங்கள் கருணையை வேண்டி நிற்கும்,

(கையொப்பம்)
ஆ. சுதாகரன்

திகதி: 15.10.2025
இடம்: டிக்கோயா

பிரதி: பொறுப்பதிகாரி, பொலிஸ் நிலையம், கொஹொம்பவெல.